பன்னிரண்டு கொட்டகை, மூன்று நிஜம்

“அண்ணா, அஞ்சு மணிக்கு வண்டி வருதாம். அதுல ஏத்திட்டாங்கன்னா அவர் திரும்பியே வரமாட்டாராம். பக்கத்து வீட்டு அத்தை சொல்றாங்க. நிஜமாண்ணா?”

போனில் தங்கச்சி கேட்டதற்கு ரேடியோவிடம் பதில் இல்லை. இது சாதாரண விஷயமில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அந்த மனிதர் வாயை மூடியிருந்தது கடைவாய்ப்பல் பிடுங்கிய ஒரே ஒரு நாள்தான் என்பார்கள். அன்றைக்கும் சைகையால் பேசிக்கொண்டிருந்தாராம்.

விமானப்படைச் சரக்கு அறையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். திருகாணி கேட்டு வருகிறவனுக்குத் திருகாணியோடு மூன்று குடும்பக் கதைகளையும் கட்டிக் கொடுத்தனுப்பியதால், மேலிடம் அவரை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவைத்தது. ரேடியோ என்ற பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. இப்போது கரி மேடத்தின் பழைய காரை ஓட்டுவதும், அவர் துப்பறியும்போது பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பதும்தான் தொழில்.

கரி மேடத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். விமான விபத்து விசாரணை அதிகாரியாக முப்பது வருஷம் இருந்தவர். எரிந்துபோன விமானத்தின் கரியை இரண்டு விரலால் தேய்த்து மோந்து பார்த்தே, தீ எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுவாராம். ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் காணாமல் போன கணவன்மார்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். அவர்களில் பாதிப் பேருக்குக் கண்டுபிடிக்கப்படுவதில் விருப்பமில்லை என்பது வேறு விஷயம்.

“என்னடா, தங்கச்சியா?” என்றார் கரி மேடம், காரின் பின்சீட்டிலிருந்து.

“ஆமாக்கா. அஞ்சு மணி வண்டியைப் பத்திக் கேக்கறா.”

“மணி என்ன?”

“ஒம்பதரை.”

“அப்போ ஏன் மூஞ்சியைத் தொங்கப்போடற? ஓட்டு.”

விஷயம் இதுதான். விமானத்தளத்தில் வரிசையாகப் பன்னிரண்டு கொட்டகைகள். அவற்றில் மூன்றில் மட்டும் நிஜமான போர் விமானம். மற்ற ஒன்பதிலும் ரப்பர் உறைக்குள் காற்றடித்த பொம்மைகள். கடையில் விற்கிற சின்ன ட்ரோனில் வெடியைக் கட்டி எவன் வேண்டுமானாலும் தலைக்கு மேல் அனுப்பலாம் என்ற காலம் வந்த பிறகு, படை தன்னை மாற்றிக்கொண்ட அழகு இது. தினமும் பொழுது சாயும்போது சீட்டுக் குலுக்கி, நிஜங்களை வேறு கொட்டகைக்கு இழுத்துப் போவார்கள். எல்லாக் கொட்டகை வாசலிலும் கனத்த திரை தொங்கும். மெக்கானிக்குகளுக்கும் பொம்மைப் பிரிவுக்காரர்களுக்கும் அவரவர் கொட்டகை மட்டும்தான் தெரியும். மூன்றும் தெரிந்தவர்கள் நான்கே பேர்.

மூன்று நாளைக்கு முன்னால், விடிந்து சற்று நேரத்தில், மூன்று ட்ரோன்கள் வந்தன. மூன்றும் மூன்று நிஜத்தின் மேலேயே விழுந்தன. பொம்மை ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. இரண்டு விமானங்கள் காயத்தோடு தப்பின. ஒன்பதாம் கொட்டகையில் இருந்தது எரிந்தே போயிற்று. அங்கே வேலையில் இருந்த மெக்கானிக்கும் போய்விட்டார்.

தெரிந்தவர்கள் நாலு பேர் என்றால், நாலு பேரில் ஒருவன் துரோகி. நாலு பேரில் மூன்று பேர் தோளில் நட்சத்திரம் வைத்தவர்கள். நாலாவது ஆள், சீட்டுக் குலுக்கும் சார்ஜன்ட். யார் உள்ளே போயிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சார்ஜன்ட்தான் ரேடியோவின் தங்கை புருஷன்.

தளபதி ஒரு காலத்தில் கரி மேடத்திடம் வேலை கற்றவர். அந்த மரியாதைக்காக, “அஞ்சு மணி வரைக்கும் உங்களுக்கு. அதுக்கப்புறம் அவன் தலைநகருக்கு” என்று சொல்லியிருந்தார்.

காவலறையில் மாப்பிள்ளை பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சுருக்கிட்டுக்கொள்வாரோ என்று பூட்ஸ் கயிற்றை உருவி வைத்திருந்தார்கள். நாக்கு வெளியே தள்ளிய அந்த பூட்ஸுக்குப் பக்கத்தில் போய் ரேடியோ உட்கார்ந்தார்.

“மாப்ள, சாப்பிட்டியா?”

“மச்சான், சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல.”

“நான் அதைக் கேக்கல. சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

“ஒரு நிமிஷம் வாயை மூடு” என்றார் கரி மேடம் ரேடியோவிடம். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, “தம்பி, இன்னிக்கு நிஜம் எந்தெந்தக் கொட்டகையில இருக்கு?”

“தெரியாது மேடம். எரிஞ்சதுக்குப் பதிலா நேத்து ஒண்ணு வந்து எறங்கின சத்தம் கேட்டுச்சு. மூணு நாளா உள்ளேயே இருக்கேன். இப்போ தளபதியே சீட்டு எடுக்கறாராம்.”

“வேற யாருக்கும் தெரியாதா?”

“அவருக்கு மட்டும்தான்னு காவல்காரங்க பேசிக்கிட்டாங்க.”

“அப்பாடா” என்று எழுந்தார் கரி மேடம்.

வெளியே வந்ததும் ரேடியோ பொறுக்க முடியாமல் கேட்டார். “அக்கா, அவன் உள்ள கெடந்து சாவறான். உங்களுக்கு அப்பாடாவா?”

“அவன் உள்ள இருக்கறதுதான்டா அவனை வெளிய கொண்டுவரப் போகுது. அவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போ இந்த ஊர்ல கல்யாண போட்டோ எடுக்கறவன் எவன்கிட்டயாவது ட்ரோன் இருக்கா?”

“யாருக்குக்கா கல்யாணம்?”

“உன் வாய்க்கு. கட்டிப்போடப் போறேன். நட.”

போகிற வழியில் ஒன்பதாம் கொட்டகை இருந்தது. கூரைத் தகடு கருகிச் சுருண்டு தொங்கியது. கரி மேடம் வழக்கம்போலக் குனிந்து கரியை எடுக்கவில்லை. வாசலுக்கு வெளியே சிமெண்ட் தரையில் ஒரு கறுப்புத் திட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் விழுந்துகிடந்த இடம் அது. கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே கிடந்தாராம். பக்கத்துச் சுவர் அலமாரியில் அவருடைய சாப்பாட்டு டப்பா மூடியோடு இருந்தது. அதைத் திறக்கவும் யாருக்கும் மனசில்லை, தூக்கிப் போடவும் துணிச்சலில்லை. மூன்று நாள். வாசனை வந்துகொண்டிருந்தது.

“வயசு?” என்றார் கரி மேடம்.

“இருபத்தாறு” என்றார் ரேடியோ. அதற்குமேல் கதை எதுவும் சேர்க்கவில்லை.

போட்டோகிராபர் கடையில் சுவர் முழுக்க மணப்பெண்கள். அத்தனை பேரும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“விமானத்தளத்துக்குள்ள எப்பவாவது போயிருக்கீங்களா?” என்றார் கரி மேடம்.

“எனக்கென்ன வேலை மேடம் அங்க? ஆர்டர் கொடுத்தா போவேன்.”

“போர் விமானம் பத்தி எதாவது தெரியுமா?”

“பயணிகள் விமானத்துலயே நான் ஏறினதில்ல. என் சம்சாரம் அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்ல.”

“நீங்கதான் எனக்கு வேணும்” என்றார் கரி மேடம்.

தளத்தின் வேலிக்கு வெளியே, கல்யாண மண்டபம் ஒன்றின் மொட்டைமாடியிலிருந்து ட்ரோன் கிளம்பியது. விரித்த குடை அளவுதான் இருக்கும். ரேடியோ கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

“அக்கா, சுட்டாங்கன்னா?”

“சுடட்டும். சுட்டா சந்தோஷப்படுவேன்.”

“நான் பட மாட்டேன்” என்றார் போட்டோகிராபர். “இதுக்கு இன்னும் தவணை முடியல.”

யாரும் சுடவில்லை. பன்னிரண்டு நிமிஷம் அந்தப் பூச்சி தளத்தின் தலைக்கு மேல் ஆற அமரச் சுற்றிவிட்டு வந்தது. பெரிய விமானத்தைத் தொடுவானத்திலேயே பிடித்துவிடுகிற ராடார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் காவல் கோபுரத்துச் சிப்பாய் நிமிர்ந்து பார்க்கிறான். நம்முடையதுதான் என்று நினைத்தானோ என்னவோ, கையை வேறு ஆட்டுகிறான்.

கடைக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரில் படத்தை விரித்தார்கள். பன்னிரண்டு கூரைகள். பன்னிரண்டு திரைகள். அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. டயர் தடம்கூட எல்லா வாசலிலும் இருந்தது. பொம்மைப் பிரிவுக்காரர்கள் அந்த அளவுக்கு ரசனையோடு வேலை செய்திருந்தார்கள். பொம்மைக்குள் விளக்கேற்றிச் சூடுகூட உண்டாக்கி வைப்பார்களாம்.

“இதுல மூணு கொட்டகையில மட்டும் ஒசத்தியான பொருள் இருக்கு. எதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்” என்றார் கரி மேடம்.

“இவர் எப்படிக்கா சொல்லுவார்? பதினாறு வருஷம் உள்ள இருந்த எனக்கே தெரியல” என்றார் ரேடியோ.

போட்டோகிராபர் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு. ஏழு. பதினொண்ணு.”

“எப்படி?”

“கல்யாண வீட்டுல நகைப்பை எங்க இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க மேடம். ஆனா எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் ஒரே ஒரு அத்தை மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டாங்க. பை அந்த அத்தை காலடியில இருக்கும். இங்கயும் மூணு அத்தை உக்காந்திருக்கு, பாருங்க.”

விரலால் காட்டினார். மூன்று கொட்டகைகளுக்கு முன்னால் மட்டும், வாசலிலிருந்து பத்து அடி தள்ளி, சிவப்பாக ஒரு புள்ளி. மற்ற ஒன்பதுக்கு முன்னாலும் வெறும் தரை.

ரேடியோ மூக்கைத் திரையில் ஒட்டிப் பார்த்தார். தீயணைப்புத் தள்ளுவண்டி. சக்கரம், சிவப்புத் தொட்டி, சுருட்டிய குழாய். பதினாறு வருஷம் அதன்மேல் சாய்ந்து நின்று டீ குடித்திருக்கிறார். அதனாலேயே அது கண்ணில் படவில்லை.

“அக்கா...” என்றார். “அந்தப் பையன் கையில குழாய் இருந்துச்சே.”

“ஆமா. பக்கத்துலயே வண்டி நின்னுச்சு. அதனாலதான் ட்ரோன் அங்க வந்துச்சு. அதனாலதான் அவன் ஓடாம குழாயைப் பிடிச்சான்.” கரி மேடம் கைப்பையை எடுத்தார். “யார் இதை அங்க நிறுத்தச் சொன்னதுன்னு பார்த்துட்டா முடிஞ்சுது. அவன் ஒருத்தன் பதில் சொல்லியாகணும்.”

தீயணைப்புப் பிரிவின் தலைவரைத் தளத்தில் எல்லோரும் பக்கெட் அண்ணன் என்பார்கள். மீசையையும் பித்தளை மூடிகளையும் ஒரே துணியால் துடைப்பாரோ என்று சந்தேகம் வரும், இரண்டும் அப்படிப் பளபளக்கும்.

“பொம்மைக் கொட்டகைக்கு முன்னால ஏன் வண்டி நிறுத்தல?” என்றார் கரி மேடம்.

“பொம்மையில ஏது மேடம் எரிபொருள்? காத்துதான இருக்கு. காத்தை நான் எதுக்கு அணைக்கணும்? நிஜ விமானம் நகர்ற எடத்துக்கெல்லாம் அதோட மெக்கானிக்கே வண்டியையும் தள்ளிட்டுப் போயிடுவான்.”

“யாரும் கேக்கலையா?”

“பொம்மைப் பிரிவுல கேட்டாங்க. எங்களுக்கும் ரெண்டு வண்டி கொடுங்க, பார்க்க லட்சணமா இருக்கும்னாங்க. தளபதிக்குக் கடுதாசி போட்டேன். விதி பதினேழுல இடமில்லன்னு பதில் வந்துச்சு.” கோப்பைத் திறந்து காட்டினார். தளபதியின் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. “நான் விதியை மீறற ஆள் இல்ல மேடம். பத்தொம்பது வருஷமா இந்த விதியால ஒரு உயிர் தீயில போகல. மூணு நாளைக்கு முன்னாடி வரைக்கும்.”

“எங்க அந்த விதி?”

பக்கெட் அண்ணன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பலகையைக் கையால் காட்டினார். கரி மேடம் கிட்டே போய்ப் படித்தார். ஏழெட்டு வரிதான் இருக்கும். ஆனால் பக்கெட் அண்ணன் டீ சொல்லி, டீ வந்து, அது ஆறிப்போகிறவரை அங்கேயே நின்றார்.

“அக்கா, எழுத்து சின்னதா இருந்தா நான் படிச்சுச் சொல்லட்டுமா?” என்று எட்டிப் பார்க்கப் போனார் ரேடியோ.

“வேண்டாம். கழட்டித் துணியில சுத்து. கண்ணாடி உடையாம எடுத்துட்டு வா.”

காருக்கு வருகிறவரை அவர் பேசவில்லை. காரிலும் பேசவில்லை. ரேடியோதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தார். தளபதியே பதில் கடுதாசி போட்டிருக்கிறார், கழுத்து வசமாகச் சிக்கிவிட்டது, இனி மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த மாதிரிதான் என்று. அது எதுவும் பின்சீட்டுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

தளபதி அறைக்குள் நுழையும்போது நாலே கால். வாசலில் மூடிய வண்டி ஒன்று ஏற்கனவே வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு, ஏழு, பதினொண்ணு” என்றார் கரி மேடம், உட்காராமலே.

கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த தளபதியின் கை பாதியில் நின்றது. “யார் சொன்னது?”

“கல்யாண போட்டோ எடுக்கறவர். இன்னிக்குக் காலையில பதினொண்ணே காலுக்கு உங்க தலைக்கு மேல எடுத்த படம் இது. நீங்க எடுத்த சீட்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உள்ள இருக்கற சார்ஜன்டுக்குத் தெரியாது. அப்புறம் எப்படி சார் தெரிஞ்சுது?”

படத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. தளபதி அதையே பார்த்தார். முட்டாள் இல்லை அந்த மனிதர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“யார் அனுமதியோட பறக்கவிட்டீங்க?”

“யாரும் கேக்கலையே. கோபுரத்துல இருக்கற பையன் டாட்டாகூடக் காட்டினான்.”

தளபதி படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“துரோகி இல்லைங்கறீங்க.”

“இல்ல. எவனோ வேலிக்கு வெளிய நின்னு படம் எடுத்திருக்கான். செவப்பை எண்ணியிருக்கான். அவ்வளவுதான்.”

தளபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “மேடம், ஒரு விமானம் போச்சு. ஒரு உசுரு போச்சு. தலைநகர்ல ஒரு ஆளைக் கேக்கறாங்க. நான் என்ன செய்யட்டும்? தள்ளுவண்டிக்கு விலங்கு மாட்டி அனுப்பவா? விதி பதினேழுக்கு விலங்கு மாட்டவா? பேரில்லாத அறிக்கையை அங்க ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. அஞ்சு மணி வண்டி காலியா போகாது.”

“அதுக்கு எங்க மாப்ளதான் கெடைச்சானா?” என்று ரேடியோ எகிறினார். “பொம்மைக்கு வண்டி வேண்டாம்னு கடுதாசி போட்டது யாரு? நாங்க கோப்பையே பார்த்துட்டோம் சார். வண்டி காலியா போகக் கூடாதுன்னா நீங்களே—”

“ரேடியோ” என்றார் கரி மேடம். “பலகையைப் பிரி.”

ரேடியோ துணியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். இப்போதுதான் முதல்தடவையாகப் படித்தார். எரிபொருள் நிரப்பிய ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால், பத்து அடி தூரத்தில், எந்தக் காரணத்துக்காகவும் விலக்கின்றி, தீயணைப்பு வண்டி ஒன்று நிற்க வேண்டும். கீழே தேதி. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையது. அதற்கும் கீழே, விசாரணை அதிகாரியின் கையெழுத்து. அது ரேடியோவுக்கு அத்துப்படியான கையெழுத்து. எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தினமும் காலையில் துண்டுச் சீட்டில் அவருக்கு வருகிற அதே கையெழுத்து.

“அக்கா” என்றார்.

“அன்னிக்கு நாலு பேர் கொட்டகைக்குள்ள எரிஞ்சாங்க” என்றார் கரி மேடம். “வண்டி மறுகோடியில நின்னுச்சு. தள்ளிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. விலக்கின்றின்னு நான்தான் எழுதினேன். ஒருத்தனும் அதைத் தளர்த்தக் கூடாதுன்னு கண்ணாடி போடச் சொன்னதும் நான்தான். அன்னிக்கு நெருப்பு உள்ளேருந்து வந்துச்சு சார். இப்போ மேலேருந்து வருது. நான் எழுதினது அப்படியே நிக்குது.”

தளபதி பலகையைப் பார்க்கவில்லை. “என் பதில் கடுதாசி...”

“பார்த்தேன். உங்க பேரையும் எழுதலாம். எழுத மாட்டேன். உங்க மேல இருக்கற பிரியத்துல இல்ல. நீங்க போயிட்டா புதுசா ஒருத்தர் வந்து நாற்காலி சூடாகறதுக்கே ரெண்டு வாரம் ஆகும். எனக்கு இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள கையெழுத்து வேணும்.” கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். வரும் வழியில் பின்சீட்டில் எழுதியது போலும், வரிகள் மேடும் பள்ளமுமாக இருந்தன. “ஒண்ணு, சார்ஜன்டை விடற உத்தரவு. இன்னொண்ணு, விதி பதினேழு. பன்னெண்டு கொட்டகைக்கும் செவப்பு நிக்கணும். உங்ககிட்ட வண்டி ஆறுதான் இருக்கு. மீதிக்குப் பழைய பீப்பாயில செவப்பு பெயிண்ட் அடிச்சு, சக்கரம் வெச்சு நிறுத்துங்க.”

“பொம்மைக்குப் பொம்மை வண்டி” என்றார் ரேடியோ, பழக்கதோஷத்தில். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

“ரெண்டுலயும் கையெழுத்து ஆனதும், விதியை எழுதினவ நான்தான்னு வாக்குமூலம் கொடுக்க நான் வண்டியில ஏர்றேன். உங்களுக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதான?”

“உங்களை அவங்க சும்மா விட மாட்டாங்க மேடம்” என்றார் தளபதி. பழைய சீடனின் குரல் எட்டிப் பார்த்தது. “ஓய்வூதியம், மரியாதை எல்லாத்தையும் உருவிடுவாங்க. இந்த வயசுல விசாரணை, வாய்தான்னு...”

“அந்தப் பையனுக்கு இருபத்தாறு வயசு” என்றார் கரி மேடம்.

தளபதி பேனாவைத் தேடினார். ரேடியோதான் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்காமலிருந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது, எந்தப் பக்கம் போட்டாலும் வீட்டு ஆளாகவே வந்தது.

நாலு ஐம்பதுக்கு மாப்பிள்ளை வெளியே வந்தார். கயிறில்லாத பூட்ஸைத் தரையில் தேய்த்துக்கொண்டே நடந்து வந்தவர், திறந்திருந்த வண்டிக் கதவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“உனக்கில்ல மாப்ள, வா இப்படி” என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார் ரேடியோ.

“பின்ன யாருக்கு மச்சான்?”

கரி மேடம் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் பலகை. “கார் சாவி உன்கிட்டதான இருக்கு?” என்றார் ரேடியோவிடம். “செவப்பு பெயிண்ட் காயறவரைக்கும் பக்கெட்டோட நில்லு. பீப்பாயைக் கோணலா வெச்சுடப் போறான். பன்னெண்டும் பத்து அடியில நிக்கணும்.”

“அக்கா, நானும் கூட வர்றேன்.”

“நீ வந்தா அந்த ஓட்டுநர் பாவம்டா. ஆறு மணி நேரம் வழி.”

கதவு மூடிக்கொண்டது. வண்டி கிளம்பவும் ரேடியோவின் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

“அண்ணா! விட்டுட்டாங்களாம்! காவலறையிலேருந்து சொன்னாங்க! நிஜமாண்ணா?”

“நிஜம்தான். பக்கத்துலதான் நிக்கறான். கொடுக்கறேன் இரு.”

“இருண்ணா, முதல்ல அக்காகிட்ட கொடு.” தங்கச்சி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “நாளைக்குக் காலையில முதல் வேலையா வந்து கால்ல விழறேன்னு நானே சொல்லணும். பக்கத்துல இருக்காங்கல்ல?”

வண்டி வாசல் தடுப்பைத் தாண்டி, தார்ச்சாலையில் இடப்பக்கம் திரும்பியது.

“இப்பதான்மா கெளம்பினாங்க” என்றார் ரேடியோ.